வலப்பக்கத்து ஊசிகள்: ஒரு நிகழ்வு ஆய்வு

குழந்தைக்கு அன்றைக்கு 11 வாரம். அம்மா மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். அப்பா கையில் நான்காக மடித்த ஒரு தாள், பிறந்த இடத்தில் கொடுத்தனுப்பிய தடுப்பூசி அட்டவணை. இடப்பக்கம் அரசுத் திட்டத்தில் இலவசமாகப் போடுபவை. வலப்பக்கம் காசு கொடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டியவை. எது எந்தப் பக்கம் என்பது நாட்டுக்கு நாடு, ஆண்டுக்கு ஆண்டு மாறும்; இது அந்தத் தாளில் இருந்தபடி. வலப்பக்கத்தில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே பென்சிலால் ஒரு தொகை எழுதி, கீழே கூட்டியும் வைத்திருந்தார். கூட்டுத்தொகைக்கு அடியில் இரண்டு கோடு.

"இதெல்லாம் போட்டே ஆகணுமா டாக்டர்? ரெண்டு மாசச் சம்பளம் வருது" என்றார்.

குழந்தைகள் மருத்துவராக இருக்கும் யாருக்கும் இது புதிய கேள்வி இல்லை. இந்தத் தம்பதியும் ஒரே தம்பதி இல்லை. பல வீடுகளில் பார்த்ததைச் சேர்த்து ஒரு வீடாக இங்கே எழுதுகிறேன். இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வலப்பக்கத்து ஊசிகளைக் காசு வாங்கிக்கொண்டு போடுகிறவன் நான். "போடுங்கள்" என்று நான் சொல்வதில் எனக்கும் லாபம் இருக்கிறது. பெற்றோர் அதை மனதில் வைத்துக்கொண்டு கேட்பது நல்லதுதான்.

தாளை வாங்கி முதலில் இடப்பக்கத்தைப் பார்த்தேன். பிறந்தவுடன் போட்டவற்றுக்கு மட்டும் டிக் இருந்தது. 6 வாரத்தில் தொடங்கியிருக்க வேண்டிய ஒன்றுமே போடவில்லை. ஏன் என்று கேட்டதும் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்மாதான் சொன்னார்: "இலவச ஊசி போட்டா காய்ச்சல் வரும், வலியில்லாத ஊசி போட்டுக்கலாம்னு சொன்னாங்க. அதுக்குக் காசு சேரட்டும்னு இருந்தோம்."

ஆக, விலை உயர்ந்த ஊசி தேவையா இல்லையா என்று யோசித்ததிலேயே 5 வாரம் போயிருக்கிறது. அந்த 5 வாரமும் குழந்தைக்குக் கக்குவான் இருமலுக்கு எதிராக ஒன்றுமே இல்லை. கக்குவான் பெரியவர்களுக்கு வாரக்கணக்கில் இழுக்கும் இருமல், அவ்வளவுதான். மூன்று மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு அப்படி இல்லை. இருமக்கூடத் தெரியாமல் மூச்சு நின்று நீலம் பாரித்துப்போகும். 2010இல் கலிஃபோர்னியாவில் 9,000க்கும் மேற்பட்டவர்களுக்குக் கக்குவான் வந்தது. அதில் இறந்த 10 பேரும் கைக்குழந்தைகள்.

'வலியில்லாத ஊசி' என்பது வெறும் விளம்பரப் பேச்சும் இல்லை. இலவசமாகப் போடும் பழைய வகைத் தடுப்பூசியில் கக்குவான் கிருமி முழுதாக, கொல்லப்பட்ட நிலையில் இருக்கும். அதனால் காய்ச்சல், தொடையில் வீக்கம், ஒரு ராத்திரி அழுகை எல்லாம் வரும். புதிய வகையில் அந்தக் கிருமியிலிருந்து பிரித்தெடுத்த சில புரதங்கள் மட்டுமே இருப்பதால் தொந்தரவு குறைவு. ஆனால் அதன் பாதுகாப்பு சீக்கிரம் தேய்கிறது. புதிய வகைக்கு மாறிய நாடுகளில் கக்குவான் திரும்பத் தலையெடுத்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். இங்கே கூடுதல் காசு கொடுத்து வாங்குவது ஒரு ராத்திரியின் நிம்மதியைத்தான், கூடுதல் பாதுகாப்பை இல்லை. அந்த நிம்மதி வேண்டும் என்று நினைப்பவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அதற்காகக் காத்திருந்ததுதான் தவறு.

அன்றைக்கே இலவச ஊசியைப் போட்டுவிடலாம் என்றேன். அப்பா தயங்கினார், அம்மா தயங்கவில்லை. விட்டுப்போன தவணையைப் பற்றி ஒரு பயம் இருந்தது. தாமதமானதால் எல்லாவற்றையும் முதலில் இருந்து தொடங்க வேண்டுமோ என்று. தேவையில்லை. இந்த அட்டவணையில் இருப்பவற்றில் இடைவெளி நீண்டுபோனால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம், போட்டது வீணாகாது. கையில் காசு இல்லாத மாதத்தில் ஒரு தவணை தள்ளிப்போனதும் 'இனி போட்டு என்ன பயன்' என்று அடியோடு விட்டுவிடுகிறவர்களுக்கு இதை உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அப்புறம் வலப்பக்கம். வலியில்லாத ஊசியின் பெயரைத் தாளில் அடித்துவிட்டதும் கூட்டுத்தொகை கணிசமாகக் குறைந்தது. மீதி இருந்தவை: ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து (குழந்தைகளின் கடும் வயிற்றுப்போக்குக்கு), நிமோகாக்கல் ஊசி (நிமோனியாவுக்கு), மெனிங்கோகாக்கல் ஊசி (ஒருவகை மூளைக்காய்ச்சலுக்கு), சின்னம்மை ஊசி, ஹெபடைடிஸ் ஏ (ஒருவகை மஞ்சள் காமாலைக்கு), ஃப்ளூ.

அப்பா ஒரு நியாயமான கேள்வி கேட்டார். "இவ்வளவு முக்கியம்னா அரசே ஏன் இலவசமாக் கொடுக்கல?"

இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் இரண்டு மோசமான பதில்களே கிடைக்கின்றன. ஒன்று, 'அரசு கொடுக்கவில்லை என்றால் அது தேவையில்லாதது.' இன்னொன்று, 'அரசுக்குக் குழந்தைகள்மேல் அக்கறை இல்லை.' உண்மையில் அரசு கேட்கும் கேள்வியே வேறு. இதே பணத்தை வேறு எதில் போட்டால் இதைவிட அதிக நலன் கிடைக்கும் என்பது அதன் கேள்வி. மெனிங்கோகாக்கல் பி வகை ஊசியை பிரிட்டனின் தடுப்பூசி நிபுணர் குழு 2013இல் ஏற்கவில்லை. செலவுக்கு ஏற்ற பலன் இல்லை என்றது. 2014இல், விலை குறைந்தால் போடலாம் என்றது. விலைப் பேச்சு முடிந்து 2015 செப்டம்பரில் அங்கே எல்லாக் கைக்குழந்தைகளுக்கும் அதை இலவசமாகப் போடத் தொடங்கினார்கள். முதலில் மறுத்ததும் பிறகு கொடுத்ததும் அதே ஊசியைத்தான்.

சின்னம்மையின் கதை இதைவிடச் சுவையானது. ஜப்பானிய மருத்துவர் மிச்சியாகி தகஹாஷி தன் மகன் சின்னம்மையில் பட்ட பாட்டைப் பார்த்து ஆராய்ச்சியில் இறங்கி, 1974இல் தடுப்பூசியை உருவாக்கினார். அமெரிக்கா 1995இல் எல்லாக் குழந்தைகளுக்கும் போடத் தொடங்கியது. பிரிட்டனில் நிபுணர் குழு பரிந்துரைக்க 2023 ஆயிற்று. கிட்டத்தட்ட 30 ஆண்டு இடைவெளி. பிரிட்டனுக்கு வேறொரு கவலையும் இருந்தது: குழந்தைகளிடம் சின்னம்மை அற்றுப்போனால் பெரியவர்களுக்கு அக்கி (சின்னம்மைக் கிருமியே உடலில் தங்கியிருந்து பின்னாளில் கொப்புளமாகத் தலைகாட்டுவது) கூடுமோ என்று. ஆனால் முக்கியமான வேறுபாடு கணக்கு போட்ட விதத்தில் இருந்தது. பிரிட்டன் பொதுவாக மருத்துவச் சேவைக்கு ஆகும் செலவைத்தான் எண்ணுகிறது. அமெரிக்காவில் தடுப்பூசி வருவதற்கு முந்தைய ஆண்டு வெளிவந்த ஒரு கணக்கு, பெற்றோர் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருக்கும் நாட்களையும் சேர்த்து எண்ணியது. அப்படி எண்ணினால் ஒரு பங்கு செலவுக்கு ஐந்து பங்குக்கு மேல் மிச்சம். அந்த நாட்களை விட்டுவிட்டு மருத்துவச் செலவை மட்டும் பார்த்தால், மிச்சத்துக்குப் பதில் கொஞ்சம் கைக்காசுதான் போகும். ஊசியும் நோயும் மாறவில்லை. அம்மாவின் சம்பளத்தைக் கணக்கில் சேர்த்தார்களா இல்லையா என்பதுதான் விடையை மாற்றியது.

இதை அப்பாவிடம் சொன்னபோது அவர் பென்சிலை எடுத்துத் தாளின் ஓரத்தில் ஏதோ எழுதிக்கொண்டார். அது என்னவென்று அப்போது நான் பார்க்கவில்லை.

சரி, ஒவ்வொன்றாக வந்தோம். முதலில் ரோட்டா, ஏனென்றால் அதற்குக் கெடு இருக்கிறது. பல அட்டவணைகளில் முதல் தவணையை 15 வாரம் முடிவதற்குள் கொடுத்துவிட வேண்டும். இந்தக் குழந்தைக்குக் கையில் இருந்தது 4 வாரம். கெடுவுக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. 1998இல் வந்த முதல் ரோட்டா மருந்து, குடல் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொள்ளும் சிக்கலை ஏறக்குறைய 10,000 குழந்தைகளில் ஒன்றுக்கு உண்டாக்கியது தெரிந்ததும் 1999இலேயே திரும்பப் பெறப்பட்டது. அதற்குப் பின் வந்த இரண்டு மருந்துகளும் தலா 60,000க்கு மேற்பட்ட குழந்தைகளிடம் சோதித்துப் பார்த்த பிறகே 2006இல் பரவலாக வந்தன. அந்தச் சிக்கல் இப்போதும் வரலாம், ஆனால் 20,000 முதல் 100,000 குழந்தைகளில் ஒன்றுக்கு. முதல் சில மாதங்களைத் தாண்டியதும் அந்தச் சிக்கல் இயல்பாகவே அதிகம் வருவதால்தான் சீக்கிரம் தொடங்கச் சொல்கிறார்கள்.

பலன் என்ன? தடுப்பு மருந்து எடுக்காத ஏறக்குறைய எல்லாக் குழந்தைக்கும் 5 வயதுக்குள் ஒருமுறையாவது ரோட்டா வந்துவிடும். சுத்தமாக வைத்திருந்தால் வராது என்பது தப்புக் கணக்கு. பணக்கார நாடுகளிலும் அது எல்லாக் குழந்தைகளையும் தொட்டது, சாவு மட்டுமே அங்கே குறைவாக இருந்தது. கையைக் கழுவிக் கழுவியே தப்பித்துவிடலாம் என்று நம்பும் பாட்டிகளிடம் இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. மருந்தின் பலனையும் மிகைப்படுத்தக் கூடாது. வசதியான நாடுகளில் கடுமையான நோயை 85 சதவீதத்துக்கு மேல் தடுக்கிறது, வறிய நாடுகளில் பாதியை ஒட்டித்தான். ஆனாலும் வருவது உறுதி என்று தெரிந்த ஒன்றில் பாதியைத் தடுப்பதே பெரிய வரவு.

நிமோகாக்கலை இரண்டாவதாக வைத்தேன். நிமோனியா, மூளைக்காய்ச்சல், ரத்தத்தில் நஞ்சு, காதுச் சீழ் இவ்வளவுக்கும் காரணமான கிருமி, 2 வயதுக்குள் மிக மோசம். இங்கே அப்பா ஒரு கணக்கைக் கண்டுபிடித்திருந்தார். ஒரு வயதுக்கு மேல் தொடங்கினால் இரண்டே தவணை, 2 வயதுக்கு மேல் என்றால் ஒன்றே போதும் என்று எங்கோ படித்திருக்கிறார். "அப்ப லேட்டாப் போட்டா காசு மிச்சம்தானே?" கணக்கு சரி. ஆனால் எந்த மாதங்களில் ஆபத்து உச்சத்தில் இருக்கிறதோ அந்த மாதங்களைத்தான் அவர் மிச்சம் பிடிக்கப் பார்த்தார். மழை விட்டதும் குடை வாங்கினால் மலிவு என்பதைப் போல.

நேர்மையாக மிச்சம் பிடிக்கவும் ஒரு வழி இருந்தது. பல இடங்களில் தனியார் அட்டவணை மூன்று தவணையும் ஒரு ஊக்கத் தவணையும் என்று நான்காகப் போடும். உலக சுகாதார நிறுவனம் இரண்டும் ஒன்றுமாக மூன்று போதும் என்று ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஒரு தவணைக் காசு அப்படியே மிச்சம். பிரிட்டன் 2020 முதல் இன்னும் குறைத்து, ஒன்றும் ஒன்றுமாக இரண்டே தவணைக்கு வந்துவிட்டது. அதை நாமும் செய்யலாமா என்று அம்மா கேட்டார். கூடாது என்றேன். அங்கே பல ஆண்டுகளாக எல்லாக் குழந்தைகளுக்கும் போட்டுப் போட்டு, கிருமி ஊருக்குள் சுற்றுவதே குறைந்துவிட்டது. அந்தப் பாதுகாப்பின் நிழலில்தான் இரண்டு தவணை போதுமானதாக இருக்கிறது.

பலரும் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். 'இங்கே யாருமே போடுவதில்லை, எல்லாக் குழந்தையும் நன்றாகத்தானே இருக்கிறது' என்கிறார்கள். யாரும் போடாத ஊரில்தான் உங்கள் குழந்தைக்கு அடுத்த வீட்டுக் குழந்தை தரும் நிழல் கிடையாது. விலை அதிகம் என்பதாலேயே போடுகிறவர்கள் குறைவு, போடுகிறவர்கள் குறைவு என்பதாலேயே போடுகிற குழந்தைக்குக் கிடைக்கும் பலன் கூடுதல்.

மெனிங்கோகாக்கலில்தான் நான் திணறினேன், இன்னமும் திணறுகிறேன். செனகல் முதல் எத்தியோப்பியா வரை நீளும் ஆப்பிரிக்க வட்டாரத்தில் அது கொள்ளைநோயாக வரும். அங்கே விவாதத்துக்கே இடமில்லை. பெரும்பாலான மற்ற இடங்களில் அபூர்வம். பல நாடுகளில் ஆண்டுக்கு லட்சத்தில் ஒருவருக்கும் குறைவு. ஆனால் வந்தால், சிகிச்சை கொடுத்தும் 10 முதல் 15 சதவீதம் பேர் இறக்கிறார்கள். பிழைத்தவர்களில் 10 முதல் 20 சதவீதம் பேர் காது கேட்காமலோ, கை கால் இழந்தோ, மூளை பாதிப்போடோ மிஞ்சுகிறார்கள். காலையில் லேசான காய்ச்சல், ராத்திரிக்குள் கைமீறிவிடும். சராசரிக் கணக்கில் இந்த ஊசி தோற்றுவிடும். ஆனால் எந்தப் பெற்றோரும் சராசரிக் குழந்தையை வளர்ப்பதில்லை. கையில் தாராளமாக இருந்தால் போடுங்கள், வீட்டுச் செலவைக் குறைத்துத்தான் போட வேண்டும் என்றால் உங்களைக் கட்டாயப்படுத்த மாட்டேன் என்றேன். கோழைத்தனமான பதில் என்று சிலர் சொல்லலாம். என்னிடம் இதைவிட நல்ல பதில் இல்லை.

ஹெபடைடிஸ் ஏயை விரைவாகக் கடந்தோம். 6 வயதுக்குள் அந்தத் தொற்று வந்தாலும் பத்துக்கு ஏழு குழந்தைகளுக்கு அறிகுறியே இருக்காது. அவசரமில்லை, காசு வரும்போது பார்த்துக்கொள்ளலாம். ஃப்ளூ ஊசி ஆண்டுதோறும் போட வேண்டியது, கிருமியோடு நன்றாகப் பொருந்தும் ஆண்டிலேயே 40 முதல் 60 சதவீதப் பாதுகாப்புதான், 6 மாத வயதுக்கு முன் போடவும் முடியாது. அதையும் பின்னால் தள்ளினோம்.

சின்னம்மைக்கு வந்தபோது எனக்கும் சோர்வு, அவர்களுக்கும் சோர்வு. குழந்தை எழுந்து அழ ஆரம்பித்திருந்தது. தடுப்பூசிக்கு முந்தைய அமெரிக்காவில் ஆண்டுக்கு 40 லட்சம் பேருக்குச் சின்னம்மை வந்தது, 100 முதல் 150 பேர் இறந்தார்கள் என்ற எண்ணைச் சொன்னேன். அதாவது 25,000 பேருக்கு மேல் வந்தால் ஒரு சாவு. பொதுவாக ஒரு வயது முடிந்த பிறகுதான் போடுவது, அப்போது பேசிக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்பினேன். ரோட்டாவும் நிமோகாக்கலும் உறுதி, மற்றவை காத்திருக்கட்டும். மொத்தச் செலவு பாதிக்கும் கீழே வந்திருந்தது. நல்ல வேலை செய்துவிட்டதாகத்தான் நினைத்தேன்.

நான் கேட்காமல் விட்டது ஒன்று. வீட்டில் வேறு குழந்தை இருக்கிறதா?

இருந்தான். நாலு வயது அண்ணன், மழலையர் பள்ளிக்குப் போகிறவன். குழந்தைக்கு 10 மாதம் இருக்கும்போது அவன் வகுப்பில் யாருக்கோ சின்னம்மை. அவன் முதுகில் முதல் கொப்புளம் தெரிந்த அன்றைக்கு அம்மா வேலைக்குப் போவதை நிறுத்தினார். எல்லாக் கொப்புளமும் பொருக்குத் தட்டும்வரை அவனைப் பள்ளியில் சேர்க்க மாட்டார்கள். 7 நாள். அவன் திரும்பப் போய் ஒரு வாரம்கூட ஆகவில்லை, அவன் படுத்ததில் இருந்து எண்ணினால் 14ஆம் நாள், சின்னவளின் நெற்றியில் ஒன்று. தொற்றிய பிறகு வெளியே தெரிய 10 முதல் 21 நாள் ஆகும் நோய் அது. ஒரே வீட்டில் இருந்தால் பத்தில் ஒன்பது பேரைப் பிடிக்கும். அவளுக்கு 9 நாள். நல்லவேளை, இருவருக்கும் சிக்கல் எதுவும் வரவில்லை. பாரசிட்டமாலும் கேலமைன் லோஷனும்தான் மருந்துச் செலவு.

அம்மாவுக்கு வேலை பார்த்த நாளுக்குத்தான் சம்பளம். விடுப்புச் சம்பளம் கிடையாது. இதையும் நான் முதல் நாள் கேட்கவில்லை. உயிர் ஆபத்தை மட்டும் வைத்துச் சின்னம்மையைக் கடைசியில் தள்ளினேன். பிரிட்டன் கணக்கில் என்ன விட்டுப்போனது என்று அவர்களுக்கே விளக்கிவிட்டு, அதே பிழையை அதே மேசையில் உட்கார்ந்து செய்திருக்கிறேன். அண்ணனுக்கு அன்றைக்கே ஒரு தவணை போட்டிருந்தால் அவனுக்கு வராமல் இருக்கும் வாய்ப்பு ஐந்துக்கு நான்கு. ஒரு வயது ஆகாததால் ஊசி போடாத தங்கைக்கும் அதுவே வேலியாக இருந்திருக்கும்.

இதை வைத்து 'சின்னம்மை ஊசியைத்தான் முதலில் போட வேண்டும்' என்று சொல்ல முடியாது. ஒரு வீட்டில் வந்துவிட்டது என்பதால் தள்ளிப்போட்ட முடிவு தவறாகிவிடாது, வராமல் போயிருந்தால் சரியாகியிருக்கவும் செய்யாது. அம்மாவுக்குச் சம்பளத்தோடு விடுப்பு இருந்திருந்தாலோ, பகலில் பார்த்துக்கொள்ளப் பாட்டி இருந்திருந்தாலோ, நான் சொன்ன வரிசையே அந்த வீட்டுக்குப் பொருந்தியிருக்கும். இப்போதெல்லாம் வலப்பக்கத்துக்கு வருவதற்கு முன் மூன்று கேள்வி கேட்கிறேன்: வீட்டில் இன்னும் யார் யார், குழந்தை படுத்தால் யார் வேலையை விட்டு உட்காருவார்கள், அந்த நாளுக்குச் சம்பளம் உண்டா.

நிமோகாக்கல் ஊக்கத் தவணைக்கு ஒரு வயதில் வந்தார்கள். அதே தாள், மடிப்பில் கிழிந்து டேப் ஒட்டியிருந்தது. முதல் நாள் அப்பா ஓரத்தில் என்ன எழுதினார் என்று அப்போதுதான் பார்த்தேன். வலப்பக்கத்துக்கும் வலப்பக்கமாக ஒரு புதிய கோடு போட்டு, மேலே 'லீவு' என்று எழுதியிருந்தார். சின்னம்மைக்கு நேராக 16 என்று அம்மாவின் கையெழுத்தில் இருந்தது. இரண்டு பிள்ளைகளுக்கும் வந்துபோய்விட்டதால் அந்தப் பெயரையே அடித்திருந்தார்கள்.

"ஃப்ளூ எத்தனை நாள் டாக்டர்?" என்று கேட்டார் அம்மா. சாதாரணமாக நாலைந்து நாள் காய்ச்சல் என்றேன். எழுதிக்கொண்டார். பிறகு, "இவருக்கும் போடணுமா? இவர்தான் வருஷா வருஷம் முதல்ல இருமிக்கிட்டு வருவார்" என்றார். அப்பா சிரித்தார். போட்டுக்கொண்டால் நல்லது என்றேன்.

மெனிங்கோகாக்கலுக்கு நேரே இன்னும் பென்சிலால் போட்ட கேள்விக்குறிதான் இருந்தது. அதை அழிக்கச் சொல்லவும் எனக்குத் தோன்றவில்லை.